மேற்கே போனவர்கள் – 7: காட்டெருமை கலைத்த பிரசங்கம்

ரயிலைத் தவறவிட்டால் அடுத்த ரயிலில் போகலாம். 1834-இல் ராக்கி மலைப் பக்கம் போவதற்கு அந்த வசதி கிடையாது. வசந்தத்தில் பீவர் தோல் வியாபாரிகளின் சாத்து கிளம்பும். அதை விட்டால் மறு வசந்தம்தான். சாமுவேல் பார்க்கர் பாதிரியார் அதை விட்டுவிட்டார்.

நியூயார்க் மாநிலத்து இத்தாக்காவிலிருந்து ஜான் டன்பர், சாமுவேல் ஆலிஸ் என்ற இரு இளைஞர்களுடன் மே மாதம் புறப்பட்டு, அம்மாதப் பிற்பகுதியில் அவர் செயின்ட் லூயிஸ் வந்து சேர்ந்தார். அதற்குள் சாத்து கிளம்பிப் போயிருந்தது. சாத்துக்காரர்கள் நல்ல நாள் பார்ப்பதில்லை, புல்லைப் பார்ப்பார்கள். நூற்றுக்கணக்கான மைல் சமவெளியில் கோவேறு கழுதைகளுக்குத் தீனி வேண்டும், பனி விழுமுன் திரும்பியும் ஆகவேண்டும். செயின்ட் லூயிஸுக்கு முன்கூட்டி ஒரு கடிதம் போட்டிருந்தாலே யாராவது சொல்லியிருப்பார்கள். இளைஞர்கள் இருவரும் பானி என்ற பழங்குடி மக்களிடையே ஊழியம் செய்யப் போனார்கள். பார்க்கர் ஊர் திரும்பினார்.

அப்போது அவருக்கு வயது 55. மனைவியும் மூன்று பிள்ளைகளும் உண்டு. பெண்கள் பள்ளி ஒன்றில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர். வில்லியம்ஸ் கல்லூரியில் 1806-இல் பட்டம் வாங்கி, ஆண்டோவர் இறையியல் கல்லூரியிலும் படித்தவர். சென்ற வாரம் பார்த்தோமே, 1831-இல் நெஸ் பெர்ஸ் நாட்டிலிருந்து நால்வர் செயின்ட் லூயிஸ் வந்து வில்லியம் கிளார்க்கைச் சந்தித்த கதை, அது 1833-இல் மெத்தடிஸ்டு சபைப் பத்திரிகையில் கடிதமாக வெளியாகிக் கிழக்குக் கரை முழுவதையும் உலுக்கியது. வேதப் புத்தகத்தைத் தேடி அவர்கள் மூவாயிரம் மைல் நடந்து வந்ததாக அந்தக் கடிதம் சொன்னது. தலையைத் தட்டையாக அழுத்திக்கொள்ளும் மனிதன் ஒருவனின் படமும் கூடவே இருந்தது. நெஸ் பெர்ஸ் மக்களுக்கு அப்படி ஒரு வழக்கமே கிடையாது. படத்தைப் பார்த்து உருகியவர்களில் நம் பாதிரியாரும் ஒருவர்.

அவர் விண்ணப்பித்தது அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கத்திடம். யாழ்ப்பாணத்தாருக்கும் மதுரைக்காரர்களுக்கும் இந்தப் பெயர் அந்நியமல்ல. 1816-இல் யாழ்ப்பாணத்தில் ஊழியம் தொடங்கி, 1823-இல் வட்டுக்கோட்டை செமினரியை நிறுவி, இதே 1834-இல் மதுரையிலும் மிஷனைத் திறந்தது அந்தச் சங்கம்தான். ஒரே அலுவலகம் ஒரு பக்கம் வைகைக்கரைக்கும் மறு பக்கம் கொலம்பியா நதிக்கரைக்கும் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தது. பார்க்கரின் வயதையும் குடும்பத்தையும் பார்த்து முதலில் வேண்டாம் என்றார்கள். அவர் விடவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம், ‘விடாக்கண்டன்’ என்போம்.

ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்கச் சபை சபையாகப் போய்ப் பேசினார். அப்படிப் பேசிய இடத்தில் வலையில் விழுந்தவர் மார்க்கஸ் விட்மன் என்ற 32 வயது மருத்துவர். இன்னொரு ஊரில் நார்சிசா பிரென்டிஸ் என்ற இளம்பெண், கல்யாணமாகாத பெண்களையும் மிஷன் ஏற்குமா என்று கேட்டாள். இருவரும் பிறகு மணம் செய்துகொண்டார்கள். அந்தத் தம்பதியின் கதை சோகக் கதை. அது வேறொரு வாரத்துக்கு.

1835-இல் பார்க்கர் தாமதிக்கவில்லை. மார்ச் மாதமே இத்தாக்காவை விட்டுக் கிளம்பிவிட்டார். ஏப்ரலில் செயின்ட் லூயிஸில் விட்மனைச் சந்தித்தார், இருவரும் நீராவிப் படகில் மிசௌரி ஆற்றில் ஏறி லிபர்ட்டி என்ற ஊரை அடைந்தார்கள். லூசியன் ஃபான்டனெல் தலைமையில் அமெரிக்கன் ஃபர் கம்பெனியின் சாத்து அங்கே தயாராகிக்கொண்டிருந்தது.

சாத்தில் இருந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று ஒரு வார்த்தை. பீவர் என்பது நீரில் அணை கட்டி வாழும் பிராணி. அதன் ரோமத்தில் செய்த தொப்பிதான் அன்றைக்கு லண்டன், பாரிஸ் கனவான்களின் தலையில். அந்தத் தொப்பிக்காக இடுப்பளவு பனித்தண்ணீரில் நின்று கண்ணி வைப்பவர்கள் இந்த மலைக்காரர்கள். ஆண்டு முழுக்கச் சம்பாதித்ததைக் கோடைச் சந்தையில் சில நாளில் குடித்தும் சூதாடியும் தீர்த்துவிட்டு, கடனோடு மலையேறுவார்கள். அவர்களோடு பயணம் செய்ய வந்த இருவரோ குடிக்க மாட்டோம், ஞாயிற்றுக்கிழமை நடக்க மாட்டோம் என்றார்கள். வரவேற்பு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். விட்மன் மீது அழுகிய முட்டை வீசினார்கள். அவரே எழுதிவைத்திருக்கிறார்.

நிலைமையை மாற்றியது பிரசங்கம் அல்ல, காலரா. இன்றைய நெப்ராஸ்காவிலுள்ள பெல்வியூவில் சாத்து தங்கியிருந்தபோது நோய் பரவியது. ஃபான்டனெல்லும் படுத்தார். விட்மன் இரவு பகல் பாராமல் வைத்தியம் பார்த்தார், முகாமை ஆற்றோரத்துச் சகதியிலிருந்து மேட்டுக்கு மாற்றச் செய்தார். மூன்று பேர் இறந்தார்கள், மற்றவர்கள் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு முட்டை வரவில்லை.

பார்க்கருக்கும் விட்மனுக்கும் உள்ள வித்தியாசத்தை வில்லியம் கிரே என்பவர் பின்னாளில் தம் ஓரிகன் வரலாற்று நூலில் எழுதினார். ஓடுகிற ஓடையில் கையால் அள்ளிக் குடிப்பார் விட்மன். வேட்டைக் கத்தி ஒன்று போதும், முள்கரண்டி இல்லாமலே கறியை அறுத்துச் சாப்பிடுவார். பார்க்கருக்கு இது அநாகரிகமாகப் பட்டது. கூடத்து மேசையும் வெள்ளைத் துணியும் கண்டு பழகியவர். காட்டெருமைச் சாணத்தை எரித்துச் சமைக்கும் சமவெளியில், கறித்துண்டில் ஒட்டிய சாம்பலை அவர் என்ன செய்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். துடைத்திருப்பார். வேறென்ன செய்வது? கிரேயும் மிஷனைச் சேர்ந்தவர்தான். உள்வீட்டுக்காரர் சொல்லும் குறை என்பதால் கொஞ்சம் கழித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 10. ராக்கி மலைத்தொடரின் முதுகைத் தாண்டும் நாள். தென்கணவாய் என்று பெயர், 7,400 அடிக்குச் சற்று மேல். பாதிரியார் கிடுகிடு பள்ளத்தாக்கையும் பனிச்சிகரத்தையும் எதிர்பார்த்திருக்க வேண்டும். கிடைத்ததோ அகன்ற புல்வெளி. ஏற்றமும் இறக்கமும் அவ்வளவு மென்மை. காற்று மெல்லக் குளிர்ந்திராவிட்டால் மலையைக் கடக்கிறோம் என்றே தமக்குத் தெரிந்திருக்காது என்று நாட்குறிப்பில் எழுதினார். மலையைத் தேடி வந்தவர் மலைமேல் நின்றுகொண்டு மலை எங்கே என்று கேட்ட கதை.

சிரித்துவிட்டு அடுத்த வரியைப் படித்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக் வரை ரயில் பாதை போட இங்கே தடை ஒன்றுமில்லை, கண்டத்தின் குறுக்கே உல்லாசப் பயணம் போகும் காலம் தூரத்தில் இல்லை என்கிறார் மனிதர். எழுதியது 1835-இல். அமெரிக்காவில் ரயில் வண்டி தவழ்ந்துகொண்டிருந்த காலம். நம் ராயபுரத்துக்கு ரயில் வர இன்னும் 21 வருஷம் இருந்தது. முந்தைய ஆண்டு சாத்து கிளம்பும் மாதத்தைக் கூட விசாரிக்காமல் வந்த அதே ஆள்! 1869 மே 10-ஆம் தேதி யூட்டாவில் இரு பாதைகளும் இணைந்தன. தண்டவாளம் தென்கணவாய் வழியாகப் போகவில்லை, இன்னும் தெற்கே போயிற்று. பார்க்கர் அதைப் பார்க்கவும் இல்லை, 1866-இலேயே இறந்துவிட்டார்.

இரண்டு நாளில் கிரீன் ஆற்றங்கரைச் சந்தை. இன்றைய வயோமிங் மாநிலம். மலையில் அமெரிக்கன் ஃபர் கம்பெனிக்கு மட்டும் 200 முதல் 300 ஆட்கள் இருந்ததாகப் பார்க்கர் கணக்குச் சொல்கிறார். அவர்களோடு ஷோஷோனி, யூட், ஃப்ளாட்ஹெட், நெஸ் பெர்ஸ் மக்களும் கூடியிருந்தார்கள். சந்தையில் பாதிரியார் கேள்விப்பட்ட ஒன்று அவரை உறைய வைத்தது. சில மலைக்காரர்கள் பழங்குடி மக்களிடம் சீட்டுக்கட்டை அதிக விலைக்கு விற்றிருக்கிறார்கள், இதுதான் பைபிள் என்று சொல்லி. வெள்ளைக்காரனுக்குப் பெண் கொடுக்க மறுத்தால் கடவுள் கோபித்துக்கொள்வார் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். வேதத்தைத் தேடி மூவாயிரம் மைல் வந்தவர்கள் என்று பத்திரிகை எழுதிய மக்களுக்கு, ராஜாவும் ராணியும் உள்ள, ஜோக்கர் இல்லாத 52 பக்க வேதம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது.

சந்தையில் வைத்தியருக்கும் வேலை வந்தது. ஜிம் பிரிட்ஜர் என்ற புகழ்பெற்ற மலைக்காரரின் முதுகில் மூன்று அங்குல இரும்பு அம்புமுனை ஒன்று மூன்று வருடமாகத் தங்கியிருந்தது. பிளாக்ஃபூட் வீரர்களோடு நடந்த சண்டையில் வாங்கியது. எலும்பில் மோதி முனை கொக்கிபோல வளைந்து, அதைச் சுற்றிக் குருத்தெலும்பு வளர்ந்துவிட்டது. மயக்க மருந்து என்பதே இல்லாத காலம். சுற்றிலும் மலைக்காரர்களும் பழங்குடியினரும் வேடிக்கை பார்க்க, விட்மன் அறுத்து எடுத்தார். இத்தனை நாள் சீழ் பிடிக்காமல் எப்படி இருந்தது என்று வைத்தியர் வியந்தாராம். மலையில் கறி கெடுவதில்லை என்றாராம் பிரிட்ஜர். இது செவிவழிக் கதை. ஆனால் பிரிட்ஜரைத் தெரிந்தவர்கள் இதை நம்பாமல் இருந்திருக்க மாட்டார்கள். வைத்தியர் முன் வரிசை கட்டி நின்றார்கள். பாதிரியார் முன் அப்படி ஒன்றும் வரிசை இல்லை.

சந்தையின் இன்னொரு காட்சியையும் பார்க்கரின் புத்தகம் தருகிறது. ஷூனார் என்றொரு முரடன் துப்பாக்கியோடு குதிரையேறி, பிரெஞ்சுக்காரன், அமெரிக்கன், ஸ்பானியன், டச்சுக்காரன் எவன் வந்தாலும் ஒரு கை பார்க்கிறேன் என்று கூச்சலிட்டான். சாகத்தான் ஆசை என்றால் நான் வருகிறேன் என்று கைத்துப்பாக்கியோடு வந்தார் கிட் கார்சன் என்ற மலைக்காரர். குதிரைகளின் தலைகள் முட்டும் நெருக்கத்தில் இருவரும் ஒரே நேரத்தில் சுட்டார்கள். கார்சனின் குண்டு முரடனின் கைக்குள் புகுந்து மணிக்கட்டில் வெளிவந்து, முழங்கைக்கு மேலே மறுபடியும் துளைத்தது. அவனுடைய குண்டு கார்சனின் தலைக்கு மேலே போய்விட்டது. கார்சன் இன்னொரு துப்பாக்கி எடுக்கப் போனபோது உயிர்ப்பிச்சை கேட்டான் ஷூனார். பாதிரியார் இதை ஒரு துப்பறியும் காவலர் போல் குண்டின் பாதை தவறாமல் எழுதிவைத்திருக்கிறார். கண்டிக்கத்தான் எழுதினார். ஆனால் எழுத்தில் ஒரு துள்ளல் இருப்பதை மறைக்க முடியவில்லை.

இங்கே ஒரு முக்கிய முடிவு எடுக்கப்பட்டது. நெஸ் பெர்ஸ், ஃப்ளாட்ஹெட் தலைவர்கள் போதகர்களை வரவேற்றார்கள். இதற்குமேல் ஆராய என்ன இருக்கிறது? விட்மன் கிழக்கே திரும்பி ஆட்களைத் திரட்டி மறு வருடம் வரட்டும், நான் மட்டும் மேற்கே போகிறேன் என்றார் பார்க்கர். முட்டையடி பட்டு, அம்பு எடுத்து, மலைக்காரர்களின் மதிப்பைச் சம்பாதித்த ஆள் திரும்பிப் போக, 56 வயதுப் பள்ளி ஆசிரியர் பசிபிக்கை நோக்கித் தனியே போனார். அசட்டுத் துணிச்சலா, விசுவாசமா என்று இன்றும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

முழுக்கத் தனியே என்றும் சொல்ல முடியாது. சார்ல்ஸ் காம்போ என்ற பிரெஞ்சு மலைக்காரர் துபாஷியாக வந்தார். நெஸ் பெர்ஸ் கூட்டம் உடன் வந்தது. பிரிட்ஜரின் ஆட்களும் சில நாள் அதே வழி. அவர்களில் கார்சனும் இருந்தார், ஜோ மீக் என்ற 25 வயது இளைஞனும் இருந்தான். மீக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 23, ஞாயிற்றுக்கிழமை. ஜாக்சன்ஸ் ஹோல் பக்கத்துப் பள்ளத்தாக்கு. ராக்கி மலையில் நடந்த முதல் புராட்டஸ்டன்ட் பிரசங்கம் என்று இப்போது அங்கே நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள். அன்று என்ன நடந்தது?

பார்க்கர் சொல்வது இது. ஆங்கிலம் தெரிந்தவர்களைக் கூட்டி ஆராதனை நடத்தினேன். கண்ணியமாக நடந்துகொண்டார்கள், கவனமாகக் கேட்டார்கள். அவர்களுடைய பாவங்களைச் சொல்லி இடித்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. மனம் மாறாவிட்டால் பரலோகம் உங்களுக்கு ஒத்துவராது என்று அன்போடு எடுத்துச் சொன்னேன்.

ஜோ மீக் சொல்வது வேறு. பிரசங்கம் பாதியில் இருக்கும்போது பள்ளத்தாக்கில் காட்டெருமைக் கூட்டம் தலைகாட்டியது. ஆசீர்வாத ஜெபத்துக்குக் கூட யாரும் காத்திருக்கவில்லை. துப்பாக்கியையும் கயிற்றையும் குதிரையையும் தேடி ஓடினார்கள். பாதிரியார் புல்தரைக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். இருபது காட்டெருமைகள் விழுந்தன. நல்ல துண்டுகளாகப் பார்த்துச் சுட்டுத் தின்று கும்மாளம் போட்டார்கள். ஓய்வுநாளை மீறியவர்களைப் பார்க்கர் கடுமையாகக் கண்டித்தார். கண்டித்துவிட்டு முதுகெலும்பை ஒட்டிய இளங்கறியை வயிறாரச் சாப்பிட்டார். மலைக்காரர்கள் இதைக் கவனிக்கத் தவறவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்று அன்றோடு முடிவு கட்டிவிட்டார்கள்.

பார்க்கரின் நாட்குறிப்பில் பிரசங்கத்தைக் காட்டெருமை கலைத்ததாக ஒரு வரி இல்லை. மீக்கின் கதை ஃபிரான்சஸ் ஃபுல்லர் விக்டர் என்ற எழுத்தாளரிடம் அவர் சொல்லி 1870-இல் அச்சானது. நடந்து 35 வருடம். பார்க்கர் மறுக்க உயிரோடு இல்லை. மீக் கதை சொல்லிப் பேர் வாங்கியவர். முப்பத்தைந்து வருட நெருப்போரத்தில் இருபது எருமை முதலில் எத்தனையாக இருந்ததோ.

இருந்தாலும் இரண்டையும் நம்பலாம் என்றே படுகிறது எனக்கு. எருமை வரும்வரை கவனமாகத்தான் கேட்டிருப்பார்கள். நாட்குறிப்பு அதோடு நின்றுவிட்டது, மீக்கின் கதை அங்கேதான் தொடங்குகிறது. மிஷன் சங்கத்துக்கு அறிக்கை எழுதுகிறவர் கடைசிப் பத்தியை விட்டுவிடுவதில் அதிசயம் இல்லை. கறி விஷயத்தில் நான் பாதிரியார் கட்சி. அந்த மலையில் அன்றைக்குக் கறியைத் தவிர வேறென்ன சாப்பாடு?

சிரிக்க வைக்கும் பார்க்கரோடு இன்னொரு பார்க்கரும் உண்டு. பிரிட்ஜரின் ஆட்கள் பிரிந்த பிறகு, நெஸ் பெர்ஸ் கூட்டத்தில் ஒரு குழந்தை இறந்தது. கல்லறையில் நடுவதற்காக ஒரு மரச்சிலுவை செய்து வைத்திருந்தார்கள். கத்தோலிக்கரான இரோகுவா வேட்டைக்காரர்களிடமிருந்து கற்றுக்கொண்டிருக்கலாம். பார்க்கர் அந்தச் சிலுவையை வாங்கித் துண்டு துண்டாக உடைத்தார். அது விக்கிரக வழிபாடு, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கல் வைத்தால் போதும் என்றார். கிறிஸ்துவைச் சொல்ல வந்தவர் முதல் வேலையாகச் சிலுவையை உடைத்ததைப் பார்த்து அந்தக் குழந்தையின் தாய் என்ன நினைத்திருப்பாள்? ஒளிக்காமல் இதைத் தாமே எழுதியிருக்கிறார். தவறு என்று தோன்றியிருந்தால் காட்டெருமையைப் போல் இதுவும் விடுபட்டிருக்கும்.

வழியில் கடுமையாக நோயுற்றார். சால்மன் ஆற்று மலைகளில் உயிர் பிழைப்போமா என்ற நிலை. அவரைக் குதிரையில் ஏற்றி இறக்கி, பிழைக்க வைத்து, அக்டோபர் 6-ஆம் தேதி வாலா வாலா கோட்டையில் சேர்த்தவர்கள் நெஸ் பெர்ஸ் மக்கள். பத்து நாளில் கொலம்பியா நதி வழியே வான்கூவர் கோட்டை. ஹட்சன்ஸ் பே கம்பெனியின் தலைமை அதிகாரி ஜான் மெக்லாக்லின் அவரை விருந்தாளியாக வைத்துக்கொண்டார். மேசை, நாற்காலி, முள்கரண்டி எல்லாம் திரும்பக் கிடைத்தன. குளிர்காலம் அங்கே கழிந்தது.

1836 வசந்தத்தில் வாக்குப்படி கிழக்கே போய், கிரீன் ஆற்றுச் சந்தையில் விட்மனைச் சந்திக்க வேண்டும். வாலா வாலா வரை போனார். நெஸ் பெர்ஸ் கூட்டம் அந்த ஆண்டு கடினமான மலைவழியே போகத் தீர்மானித்தது. போன வருட நோய் நினைவுக்கு வந்திருக்கும். பார்க்கர் வடக்கே திரும்பி ஸ்போகேன், கோல்வில் பக்கம் சுற்றிப் பார்த்துவிட்டு வான்கூவர் கோட்டைக்கே வந்தார். ஜூன் மாதம் கப்பலேறினார்.

அதே ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி விட்மன் சந்தைக்கு வந்து சேர்ந்தார். சொன்ன சொல் தவறாமல் ஆள் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். மனைவி நார்சிசா, ஹென்றி ஸ்பால்டிங், அவர் மனைவி எலைசா. ராக்கி மலையைக் கடந்த முதல் வெள்ளைக்காரப் பெண்கள் அவ்விருவரும். நெஸ் பெர்ஸ் பெண்கள் ஓடி வந்து முத்தமிட்டார்கள். ஜோ மீக் நார்சிசாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஊர் ஊராகப் பேசி இத்தனை பேரையும் இவ்வளவு தூரம் கிளப்பிவிட்டவரை மட்டும் காணோம். வழிகாட்ட யாரும் இல்லாமல், சந்தைக்கு வந்திருந்த ஹட்சன்ஸ் பே ஆட்களோடு ஒட்டிக்கொண்டு மேற்கே போனார்கள்.

பாதிரியார் அந்த நேரம் பசிபிக் நடுவே இருந்தார். ஹொனலுலுவில் இறங்கி, ஊருக்குப் போகும் கப்பல் எது என்று விசாரித்தார். அந்த ஆண்டுக் கடைசி வரை ஒன்றும் அமையவில்லை.

(தொடரும்)